பிடிக்குள் இருந்த மஞ்சள்

என் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போவார்கள். போன வேகத்தில் திரும்பி வருவார்கள். சுவர் நிறையக் கத்திகள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளாத, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் வீட்டில் பூச்செடி இருக்கலாம், பூனை இருக்கலாம். கத்தி இருந்தால் ஏனோ எல்லோரும் வாசல் பக்கம் பார்க்கிறார்கள். "பயப்படாதீங்க, எல்லாத்துக்கும் என்னைவிட வயசு அதிகம்" என்று சொல்லி உட்கார வைப்பேன்.

பழைய சாமான் சந்தைகளில் பொறுக்கியவை அவை. தொழிற்சாலையில் அச்சடித்த கத்தி எனக்கு வேண்டாம். யாரோ ஒருவர் உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துச் செய்ததாக இருக்க வேண்டும். அது எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது, எதை வெட்டியது என்று கண்டுபிடிக்கும் வரை எனக்குச் சோறு இறங்காது. பழைய அரத்தை அடித்துச் செய்த கத்தி என்றால், பிடியை ஒட்டிய இடத்தில் அரத்தின் பற்கள் மங்கலாகத் தெரியும். லோரியின் ஸ்பிரிங் பட்டையில் செய்தது என்றால் முதுகு தடித்திருக்கும். இளநீர்க் கடையில் வேலை பார்த்த கத்தியில் ஒரு நீலக் கறுப்பு ஏறியிருக்கும். மீன் கடைக் கத்தியின் வாய், தீட்டித் தீட்டி நடுவில் தேய்ந்து போயிருக்கும். விற்கிறவர் சொல்லும் கதையை நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. இந்த வாரம் ஜப்பான்காரன் விட்டுவிட்டுப் போனது என்பார். அடுத்த வாரம் அதே கத்தி அரண்மனைச் சமையல்காரருடையது ஆகிவிடும். கத்திக்கு அவ்வளவு பொய் சொல்லத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் போனேன். அங்கே ஒரு பழைய சாமான் சந்தை கூடும். மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. சந்தையின் கடைசியில் ஒரு வேனின் பின்கதவைத் திறந்து, தரையில் பிளாஸ்டிக் பாய் விரித்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்த தமிழர், சாலாக் செலாத்தானிலிருந்து வருகிறவர். இஸ்திரிப் பெட்டிகளுக்கும் காற்றாடிகளுக்கும் நடுவில் ஒரு நீளமான பாராங், காடு வெட்டும் கத்தி, கிடந்தது. "அண்ணே, அதைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். அவர் எடுத்து என் கையில் தரவில்லை. என் காலடியில் பாயின் ஓரத்தில் வைத்தார். நம் ஆட்கள் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். சண்டை வரும் என்பார்கள். கீழே வைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்தேன். ஸ்பிரிங் பட்டையில் செய்தது. பட்டையை லோரியில் பிணைக்கும் ஓட்டை அடைபடாமல், கத்தியின் அடிப்பக்கத்தில் அப்படியே இருந்தது. அந்த ஓட்டை வட்டமாக இல்லை. ஏதோ ஒரு வளையம் பல வருஷம் அதில் தொங்கி, ஒரு பக்கமாகத் தேய்ந்து நீண்டிருந்தது. கத்தியின் வாயில் கட்டைவிரலை ஓட்டினேன். நுனியிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு சின்னப் பள்ளம். யாரோ அரத்தால் ராவிச் சரிசெய்திருக்கிறார்கள். நுனி மட்டும் கறுத்து, பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தது.

அது எங்கள் சாமி கத்தி.

பந்திங் போகும் வழியில் இருந்த தோட்டத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் முனியாண்டி சாமி. வருஷத்துக்கு ஒரு முறை பூசை, கெடா வெட்டு. அதற்கென்று ஒரு கத்தி எங்கள் வீட்டுப் பொறுப்பில் இருந்தது. அடிப்பக்கத்து ஓட்டையில் ஒரு வெண்கல மணி கட்டியிருப்போம். பூசை முடிந்ததும் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி மாடத்தில் வைப்போம். அது காய்ந்து, சுருங்கி, தானாக விழும் வரை யாரும் தொடக்கூடாது. அந்தப் புளிப்பு இரும்பைத் தின்னும். அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் கெடா வெட்டினார். ஒரே வீச்சில் வெட்டுகிறவர் என்று பெயர் எடுத்து, அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் அவரைக் கூப்பிட்டு வருவார்கள். அவர் பழகிய காலத்தில் ஒரு முறை வீச்சு தப்பிக் கல்லில் பட்டுக் கத்தியின் வாய் உடைந்தது. அப்பா வாய் முழுக்கத் திட்டிக்கொண்டே ராவிக் கொடுத்தார். அந்தப் பள்ளம்தான் இது.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். எல்லோரும் லயத்தைக் காலி செய்து கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறினோம். மாறிய பிறகு பெட்டிகளைப் பிரித்தபோது சாமி படம் இருந்தது, வேல் இருந்தது, கத்தியைக் காணோம். வீட்டைக் காலி செய்த சமயத்தில் பழைய இரும்பு வாங்கும் லோரி வந்ததும், அண்ணி ஒரு சாக்கு நிறைய ஓட்டை உடைசல்களைத் தூக்கிக் கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. அண்ணிதான் சாமி கத்தியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார் என்று முடிவாகிவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தாலும் அதே பேச்சு. அண்ணனுக்கு வேலை போனது. கத்தியைத் தூக்கிக் கொடுத்தாளே. மகளின் கல்யாணம் தள்ளிப்போனது. கத்தியைத் தூக்கிக் கொடுத்தாளே. வருஷா வருஷம் பூசைக்கு முந்தின நாள் புளி போட்டுத் தேய்த்து அந்தக் கத்தியைப் பளபளக்க வைத்தது அண்ணிதான். கடையில் புதுக் கத்தி வாங்கி வந்ததும் அண்ணன் சொன்னார், "நீ இதைத் தொடாத." பூசைத் தட்டையும் தொடக்கூடாது என்றாயிற்று. அடுத்தவர்கள் வந்து தட்டு எடுத்துக் கொடுக்க, அண்ணி சமையலறையில் பாயசம் கிண்டிக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். நான் சண்டை போட்டால் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. ஒரு தீபாவளிக்கு முன்னால் நானும் அண்ணியும் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தோம். திடீரென்று அண்ணி சொன்னார், "மொதல்ல எல்லாம் நான் குடுக்கலன்னு எனக்கு நல்லா தெரியும்மா. இப்ப கண்ண மூடுனா, அந்தக் கத்திய நானே சாக்குக்குள்ள வைக்கிற மாதிரி தெரியுது. வச்சிட்டேனோ என்னவோ." சொல்லிவிட்டு முறுக்கை எண்ணெயில் போட்டார். தன் கை என்ன செய்தது என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. திருட்டுப் பட்டம் கட்டுவதைவிட இது கொடுமை என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

அதனால் அந்தக் கத்தியைச் சந்தையில் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். இதைக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தால் என்ன சொல்வார்? பழைய சாமான் சந்தையில் கிடைத்தது என்றால், பழைய இரும்பு லோரியில் போனது என்றுதான் அர்த்தம். அண்ணி மேல் சொன்ன பழிக்கு நானே சாட்சி கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும். கத்தியை வாங்கினேன். அண்ணனுக்குப் போன் போட்டுத் தலைவலி என்று சொல்லிவிட்டு, பாராங்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே இரண்டு பாக்கெட் பக்கோடாவை வைத்து, பைக்குள் ஒளித்து அதே ரயிலில் திரும்பினேன். எதிரே உட்கார்ந்த ஆன்டி வாசனை பிடித்துக்கொண்டு, "பக்கோடா எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். அந்த நிலையிலும் விலாவாரியாகக் கடைக்கு வழி சொன்னேன்.

எங்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. பழைய கத்தி பைத்தியங்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், நான். கத்தியின் படத்தைப் போட்டு, எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டேன். ஒருவர் தாய்லாந்து எல்லைப் பக்கம் என்றார். இன்னொருவர் ஜாவாக்காரர் செய்தது என்று அடித்துச் சொன்னார். நுனிக் குழிகளைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள்: உறைக்குள் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும், துரு. எலுமிச்சம்பழம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றவும் வழியில்லை.

இருந்தாலும் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. நமக்கு வேண்டியதைக் கண் தேடிப் பிடித்துக்கொள்ளும். சந்தையில் எத்தனையோ பேர் அந்த மாதிரி ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கத்தியின் பிடி எங்களுடையது இல்லை. எங்களுடையது கொய்யா மரத்தில் செய்து, எண்ணெய் ஏறிக் கறுத்த பிடி. இதில் வேறு ஏதோ கெட்டி மரம், பித்தளைப் பூண். யார் மாற்றினார்கள்? எப்போது? அது தெரியாமல் நான் வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பிடியைக் கழற்றுவதென்றால் அடுப்பு வேண்டும். பழைய கத்திகளில் பிடிக்குள் போகும் வாலை அரக்கு ஊற்றித்தான் இறுக்குவார்கள். பூணுக்குப் பக்கத்தில் இரும்பைச் சூடு காட்டினால் அரக்கு இளகும்; துணியால் பிடித்து மெல்ல முறுக்கி இழுக்க வேண்டும். இப்போது சந்தையில் பிடி மாற்றிக் கொடுக்கிறவர்கள் குழாய்க்குப் போடும் பசையைத்தான் திணிக்கிறார்கள். அதைக் கழற்றினால் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். லோரிக்காரன் கை மாறி வந்த கத்தி என்றால் அந்த நாற்றம்தான் வரும் என்று மூக்கைத் தயார் செய்துகொண்டேன்.

வந்தது அரக்கு வாசனை. பிடி கையோடு வந்தது. வாலின் கடைசி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அப்பா அப்படித்தான் வளைப்பார், பிடி வீச்சில் உருவிக்கொண்டு போகாமல் இருக்க. அந்த வாலில், அரக்குக்கு அடியில், மஞ்சள். சமையலுக்குப் போடும் மஞ்சளைக் குழைத்து, மேலிருந்து கீழ் வரை பூசி, காய்ந்த பிறகுதான் பிடி போட்டிருக்கிறார்கள். பிடியின் ஓட்டைக்குள் ஒரு சிட்டிகை விபூதி கட்டியாக ஒட்டிக் கிடந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன். பழைய இரும்புக்காரன் மஞ்சள் பூசிப் பிடி போட மாட்டான். இந்தக் கத்தி தொலைந்த பிறகும் ஏதோ ஒரு சாமியிடம் இருந்திருக்கிறது. யாரோ பயபக்தியோடு வைத்திருந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் சாமி கத்தியை ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஆம்பளைகள். பெண்கள் புளி போட்டுத் தேய்ப்பதோடு சரி.

அடுத்த ஞாயிறு கத்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி அந்த வேன் முன்னால் போய் நின்றேன். கத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. "ஏன்க்கா, ஏதாச்சும் பிரச்சனையா?"

"பிரச்சனை இல்ல அண்ணே. தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்."

அவர் இஸ்திரிப் பெட்டிகளை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிறகு சொன்னார், "கேரித் தீவு பக்கம் ஒரு முனியாண்டி கோயில வேற எடத்துக்கு மாத்துனாங்க. பழைய சாமானெல்லாம் ஏத்த என் வேனக் கூப்டாங்க. புதுசா கத்தி செஞ்சாச்சி, இதைப் போற வழியில ஆத்துல விட்ருங்கன்னு சொல்லி குடுத்தாங்க. நான் விடல லா. மனசு வரல, நல்ல இரும்பு."

"அது அவங்க கத்தியா?"

"இல்லக்கா. முன்ன யாரோ கெடா வெட்ட வந்தவரு மறந்துட்டுப் போனதாம். சாமி கத்தியாச்சே, எப்படியும் தேடி வருவாருன்னு பத்திரமா வச்சிருந்தாங்களாம். பிடி உளுத்துப்போயி அவங்கதான் புதுசு போட்டாங்க. வரவே இல்லையாம்." இஸ்திரிப் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஆத்துல விடாதது தப்பாக்கா?" என்று கேட்டார். "நீங்க செஞ்ச ரொம்ப நல்ல காரியம் அதுதான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே குழப்பம். அண்ணன் கெட்டவர் இல்லை. என்னைப் படிக்க வைத்தவர். இப்போது வயதாகி, முழங்கால் வலியோடு, பேரப்பிள்ளை படத்தைப் போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவர் தலையில் இதைப் போடத்தான் வேண்டுமா என்று தோன்றியது. முறுக்கு பிழிந்த அண்ணியின் கை ஞாபகம் வந்தது. வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கத்தியைச் செய்தித்தாளிலிருந்து பிரித்து மேசையில் வைத்தேன். அண்ணன் பார்த்த மாத்திரத்தில் எழுந்துவிட்டார். கட்டைவிரலைக் கத்தியின் வாயில் ஓட்டி, அந்தப் பள்ளத்தில் வந்து நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது. "எங்க கெடச்சிச்சி?"

"பழைய சாமான் சந்தைல."

"பாத்தியா! லோரிக்காரன் வித்துட்டான். நான் அன்னிக்கே சொன்னேன்ல!" அவர் குரலில் ஒரு வெற்றி இருந்தது. அதைத்தான் நான் எதிர்பார்த்தேன், இருந்தாலும் சுருக்கென்றது.

அண்ணி சமையலறை வாசலில் நின்று கத்தியைப் பார்த்தார். கிட்டே வரவில்லை. "ஆமா," என்றார் மெதுவாக. "அப்ப நான்தான் வச்சிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அண்ணி, வாய மூடுங்க!" என்று கத்திவிட்டேன். வாழ்நாளில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பிடியை நான் இறுக்காமல்தான் கொண்டுவந்திருந்தேன். உருவி வாலைக் காட்டினேன். "இது என்ன, அண்ணே?"

"மஞ்சள்."

"பழைய இரும்புக் கடைல மஞ்சள் பூசிப் பிடி போடுவாங்களா?"

வேன்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேரித் தீவு என்றதும் அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாலில் இருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடு மாறுறதுக்கு முன்ன," என்றார் கடைசியில். "அங்க கூப்டாங்க. வெட்டிட்டு நல்லா தண்ணி போட்டேன். மழை வேற. பைக்க ஓட்ட முடியாதுன்னு ஒரு லோரியில ஏத்தி அனுப்புனாங்க. கத்தி மாடத்துலதான் இருக்குன்னு நெனச்சிட்டேன். நான் பாக்கவே இல்ல." கட்டைவிரலால் மஞ்சளைத் தொட்டு, "எனக்கு ஞாபகமே இல்ல" என்றார்.

அண்ணி மேசைக்கு வந்தார். கத்தியைத் தொடாமல் அதன் மேல் குனிந்து பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இருந்துச்சி," என்றார். "நான் குடுக்கலன்னு நல்லா ஞாபகம் இருந்துச்சி. நீங்க சொல்லிச் சொல்லி அத அழிச்சிட்டீங்க."

சத்தம் போட்டு அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அண்ணி அழவில்லை. அண்ணன் மன்னிப்பு கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் அந்த வார்த்தை வரவில்லை. கத்தியை எடுத்து, பிடியை மாட்டி, அண்ணியின் முன்னால் மேசை ஓரத்தில் வைத்தார். "பூசை வருது. முன்ன மாதிரி நீயே தேய்ச்சிக் குடு."

அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான் என்று எனக்குப் புரிந்தது. அண்ணிக்கும் புரிந்திருக்கும். அவர் உள்ளே போனார். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஓர் உருண்டைப் புளியை அண்ணனின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்களே தேய்ங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கத்தியையும் புளியையும் எடுத்துக்கொண்டு, துணி துவைக்கும் இடத்துக் குழாயடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பழக்கமில்லாத கை. புளி வழுக்கி வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து எடுத்துத் தேய்த்தார். அண்ணி எனக்குச் சோறு போட்டுவிட்டு, தானும் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் சாப்பிட்டோம். அண்ணன் கத்தியின் வாயைத் தேய்த்து, முதுகைத் தேய்த்து, நுனிக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டார். அழுத்தி அழுத்தித் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அண்ணி திரும்பிப் பார்க்காமல், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "நுனிய விட்ருங்க. எலுமிச்சங்கா தின்ன எடம், எவ்ளோ தேய்ச்சாலும் போகாது. எனக்குத் தெரியும்."

குழாயடியில் சத்தம் நின்றது.